கோழிக்கு இட்ட குங்குமம்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், எங்கள் வீட்டுப் பூனையோடு சைதாப்பேட்டையில் ஒரு கால்நடை மருத்துவரின் கூடத்தில் காத்திருந்தபோது அவரைக் கண்டேன். மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த, மெலிந்த, நரைத்த அம்மையார். மடியில் ஒரு வெள்ளைக் கோழி. எவரேனும் திரும்பினால் உடனே புடைவைத் தலைப்பால் அதனை மூடிக்கொள்வார். சைவ இல்லத்தவர் கோழியோடு வந்ததற்குக் கூசுகிறார் என்றே எண்ணினேன்.

நாயோடு வந்திருந்தவர் சிரித்தார்: “இன்னா மாமி, கோழிக்கு வைத்தியமா? கொயம்பு வச்சா வேலை முடிஞ்சிரும்ல!”

அம்மையார் தலைப்பை இன்னும் இழுத்து மூடினார்.

அவர் முறை வந்தது. மருத்துவர் தலைப்பை விலக்கினார். கோழியின் முதுகில் இறகுகள் பிய்ந்து, தசை சிவந்து தெரிந்தது.

“யார் பண்ணது மாமி?”

“நான்தான். எங்காத்துல மாடு கிடையாது. கொல்லையில குடித்தனக்காரா வளக்கற கோழிகள்ல இது ஒண்ணுதான் என்னண்ட ஓடி வரும். நேத்திக்கு இதுக்கு மட்டும் முதுகுல குங்குமம் இட்டேன். மத்ததெல்லாம் சேர்ந்துண்டு கொத்திடுத்து.”

“சிவப்பைப் பார்த்தா ரத்தம்னு கொத்தும் மாமி. ஆறுற வரைக்கும் தனியா வையுங்க.” புண்ணைக் கழுவி மருந்திட்டார்.

“இனிமே இது என்னண்ட வருமா, டாக்டர்?”

“கோழிக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது.”

“எனக்கு இருக்குமே.”

கோழி அவர் கைகளுக்குள் கண்மூடி ஒடுங்கிற்று. வாயில்வரை அவர் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோழியோடு வந்ததற்குக் கூசுகிறார் என்று எண்ணியிருந்த, எழுந்து கதவைத் திறந்துவிட்ட என்னாலும் அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை.