தேய்த்துக் கழுவிய பல்

பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்த அவளுக்குச் சுத்தம் அக்கா என்று பெயர். டாக்டரம்மா கேலியாக வைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. வாயிலிருந்து ரத்தத்தோடு வரும் கருவி எதுவும் அவள் கையில் சிக்கினால் தொலைந்தது. குழாயைத் திறந்து, பிரஷ் போட்டு, தேய் தேய் என்று தேய்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள்.

ஃபோன் எடுப்பதும் அவள்தான். பிள்ளை விழுந்து பல் தெறித்துவிட்டது என்று எந்த அம்மா அலறினாலும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். பால்பல் என்றால் திரும்பச் செருகக் கூடாது. நிலைத்த பல் என்றால் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள், பாலில் போட்டு ஓடி வாருங்கள். எல்லாவற்றுக்கும் மேல், தேய்க்காதீர்கள். வேரின்மேல் உயிருள்ள மெல்லிய சவ்வு இருக்கிறது, அது போனால் பல் பிழைக்காது.

அவளுடைய மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். பால்பல் விழுந்த இடத்தில் புதிதாக முளைத்த முன்பல்லைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தவள், மாடிப்படியில் குதித்துக் கைப்பிடிக் கம்பியில் வாயை மோதிக்கொண்டாள். பல்லை உள்ளங்கையில் ஏந்தி அழுதுகொண்டே வந்தாள். மண் ஒட்டியிருந்தது. அம்மா உதட்டைப் பார்த்தாள், துணியை மடித்துக் கடிக்கக் கொடுத்தாள், பல்லை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

தண்ணீர் தெளிவாக ஓடும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஒரு கையில் பல், இன்னொரு கையில் பாத்திரம் கழுவும் பிரஷ். வேர் பளிச்சென்று வெளுத்திருந்தது. குழாயை மூடினாள். அப்புறமும் ஒரு டம்ளரில் பாலை ஊற்றிப் பல்லைப் போட்டாள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லைக் கையில் எடுத்தவர், விளக்கடியில் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு தேய்ச்சது?"

"நான்தான்."

அவர் பல்லை இடத்தில் வைத்து, மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டினார். சுத்தம் அக்காதான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. வேலைக்கு வந்தாள், போனாள், ஃபோனில் அதே பாடத்தைச் சொன்னாள்.

கம்பியை எடுத்த பிறகு தட்டிப் பார்க்கும் நாட்கள் தொடங்கின. பிழைத்த பல் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். சவ்வு செத்த பல் எலும்போடு ஒட்டிக்கொண்டு, எவர்சில்வர் டம்ளர் மாதிரி கணீரென்று ஒலிக்கும். ஒட்டிவிட்டால் எலும்பு வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், ஒருநாள் பல்லை எடுத்தாக வேண்டும். இது அவளுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அப்படி ஒரு நாள் டாக்டரம்மா வாய்க்கண்ணாடியின் காம்பால் பக்கத்துப் பல்லைத் தட்டினார். மந்தமாகக் கேட்டது. பிறகு அந்தப் பல்லைத் தட்டினார். கணீரென்றது. இன்னொரு தரம் தட்டிவிட்டு, கண்ணாடியைச் சுத்தம் அக்காவிடம் நீட்டினார்.

வாலு விரலால் பல்லை அசைத்துப் பார்த்தாள்.

"அம்மா, ஆடவே இல்ல. நல்லா கெட்டியாயிடுச்சு. நீ சுத்தமா கழுவுனதாலதானேம்மா?"

"ஆமாண்டி தங்கம்" என்றாள். குழாயடிக்குப் போய்க் கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.