பிரபுவின் இடதுகால் செருப்பு

அகனே நாட்டில் ஓமினேவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பிரபுவின் செருப்பைக் காவல் காக்கிறவள் அவள்தான். ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் அதைப் பறிகொடுக்கிறவளும் அவள்தான். 'செருப்பைத் தொலைத்த அம்மா' என்றால் பால் குடிக்கிற பிள்ளைகூட அவள் வீட்டுக்கு வழி காட்டும். இதற்காக அவள் முகம் ஒருநாளும் சுருங்கியதில்லை. வேளைக்குச் சோறு, காலாட்டி உட்கார நல்ல நிழல், வாய்க்கு வாய் பேச ஒரு கடைத்தெரு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிற ஜென்மம் அவள்.

அறுவடை முடிந்ததும் சபை கூடும். மலைமேல் இருக்கிற குருமி ஊர் நிஞ்சாக்களுக்கு, அதாவது கண்ணில் படாமல் நாட்டைக் காக்கிற வீரர்களுக்கு, வருஷ அரிசி தருவதா, வேண்டாமா என்று அன்றுதான் பிரபு சொல்வார். அந்த ஊருக்குத் தலைவர் யார் என்றாலும் பிரபு தலையசைத்தாக வேண்டும். வயலே இல்லாத பாறை ஊர் அது. பிரபுவின் அரிசி வரவில்லையென்றால் அங்கே அடுப்பு எரியாது. அந்த அரிசிக்குத் தாங்கள் தகுதியானவர்கள் என்று குருமிக்காரர்கள் காட்டுகிற விதம்தான் வேடிக்கை. பட்டப்பகலில், மண்டபப் படியிலிருந்து, பிரபுவின் இடதுகால் செருப்பை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் பிரபு ஒற்றைச் செருப்போடு கடைத்தெரு வழியாக நொண்டிக்கொண்டு அரண்மனைக்குப் போவார். பக்கத்து நாட்டுத் தூதர்கள் அதைப் பார்த்துப் பயத்தில் எச்சில் விழுங்குவார்கள். செருப்பை எடுக்கத் தெரிந்தவனுக்குத் தலையை எடுக்கவா தெரியாது? இந்த நாட்டின்மேல் யாரும் படை எடுத்து வராததற்கு அந்த நொண்டல்தான் காரணம்.

காவலுக்கு ஓமினே ஒருத்தி மட்டும்தான். மற்றவர்கள் உதவக்கூடாது. கூட்டம் முடிந்து பிரபுவின் கால் செருப்புக்குள் நுழைகிற வரை ஆட்டம் உண்டு. செருப்பை அவள் காப்பாற்றிவிட்டால் ஓடைக்கரை வயல் அவளுக்கு, வரியில்லாமல். அவள் விட்டுக்கொடுக்கிறாள் என்று யாராவது நினைத்தால் அது சுத்தப் பொய். ஒரு வருஷம் செருப்பில் மணி கட்டினாள். மணி மட்டும் மிஞ்சியது. ஒரு வருஷம் செருப்பின்மேலேயே உட்கார்ந்தாள். எழுந்து பார்த்தால் அடியில் இடதுகால் செருப்பு இல்லை, சுடச்சுட ஓர் அரிசிக் கொழுக்கட்டை இருந்தது. கோபத்தில் அதைத் தின்றும் விட்டாள். நன்றாகத்தான் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வாள்.

பழைய பிரபு நொண்டுவதில் மன்னன். நாலு அடிக்கு ஒருமுறை நின்று, விழுந்துவிடுவது போலப் பாவனை காட்டி, கடைத்தெருவையே சிரிக்க வைப்பார். அவர் காலமாகி மகன் ஹருதோகி பட்டத்துக்கு வந்தார். தலைநகரில் படித்தவர், கெட்டிக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். உசுகி நாட்டுத் தூதர் அவர் காதில் ஓதிவிட்டார்: பாதி அரிசிக்கு எங்கள் ஈட்டி வீரர்கள் காவல் இருப்பார்கள், இந்த மலைக்காரர்கள் எதற்கு? குருமி ஊரைச் சும்மா தள்ளிவிட முடியாது, வழக்கம் குறுக்கே நிற்கிறது. அதனால் வழக்கத்தை வைத்தே கதையை முடிக்கலாம் என்று இளைய பிரபு ஓர் இரும்புப் பெட்டி செய்யச் சொன்னார்.

"செருப்பு இதுக்குள்ள இருக்கும். சாவி என் இடுப்புல இருக்கும். நீ பெட்டிய விட்டுக் கண்ண எடுக்காத, அவ்வளவுதான்" என்றார் ஓமினேவிடம்.

"மத்தவங்க செருப்பு, பிரபு?"

"எது போனாலும் உனக்கு என்ன? பெட்டிய மட்டும் பாரு. வயல் உனக்குத்தான்."

வீட்டுக்கு வந்து கணவன் கிஹேயிடம் சொன்னாள். அவன் காலமெல்லாம் அடுத்தவன் வயலில் உழைத்தவன். கேட்டதும் தரையில் கால் பாவவில்லை. ஓடைக்கரையில் சேம்பு போடலாமா, முள்ளங்கி போடலாமா என்று தனக்குத்தானே வாதம் செய்தான். அதோடு நிற்காமல், வைக்கோலும் தன் பழைய சட்டையும் சேர்த்து ஒரு சோளக்கொல்லைப் பொம்மை கட்டி முற்றத்தில் நிறுத்திவிட்டான்.

"வயலே வரல, அதுக்குள்ள காவல்காரனா?" என்றாள் ஓமினே.

"இரும்புப் பெட்டிம்மா! இதுக்கு மேலயும் நீ தோத்தா உன்னக் கோயில்லதான் வைக்கணும்."

அவளும் சிரித்தாள். ஆனால் நெஞ்சில் ஏதோ நெருடியது. இத்தனை வருஷம் இரண்டு கையையும் இரண்டு கண்ணையும் வைத்துக் காத்தவளுக்கு, இப்போது பெட்டி வந்து வேலை சொல்லிக்கொடுக்கிறதா என்று ஒரு ரோஷம்.

மறுநாள் கடைத்தெருவில் நாகியைப் பார்த்தாள். குருமியிலிருந்து வாதுமைக்கொட்டை கொண்டுவந்து விற்கிறவள். வழக்கமாக 'இந்த வருஷமும் எங்களுக்குத்தானே அக்கா?' என்று வம்புக்கு இழுப்பாள். 'கைய ஒடிச்சு அடுப்புல வைப்பேன்டி' என்று ஓமினே பதில் சொல்வாள். இருவருக்கும் அதுதான் பண்டிகை. இந்த முறை நாகி தலையை நிமிர்த்தவில்லை.

"பெட்டியாமே அக்கா."

"ஆமா."

"போன வாரம் என் தங்கச்சிக்கு ரெட்டைப் பிள்ளை பொறந்துச்சு. அரிசி நின்னுட்டா ஊரையே காலி பண்ணணும்னு தலைவி சொல்றாங்க."

ஓமினே ஒரு கொட்டையை எடுத்துக் கையில் உருட்டினாள். "என் வேலைய நான் செய்வேன் நாகி."

"செய்யாதீங்கன்னு யாரு சொன்னா? நீங்க அசந்திருந்து எடுத்தா எங்களுக்கு என்ன பெருமை?" என்று சொல்லி ஒரு கை வாதுமைக்கொட்டையை அவள் மடியில் போட்டாள் நாகி.

சபை நாள் வந்தது. படியின் உச்சியில் பெட்டி, பெட்டிக்கு எதிரில் ஓமினே. கீழ்ப் படிகளில் தூதர்கள், அமைச்சர்கள், காவலர்கள் என்று எல்லோருடைய செருப்புகளும் வரிசையாக இருந்தன. தெருவில் ஊரே கூடி நின்றது. உள்ளே பேச்சு நீண்டுகொண்டே போனது. ஓமினே பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க, ஓரக்கண்ணில் கீழ்ப்படிச் செருப்பு வரிசை மெலிந்துகொண்டே வந்தது. ஒரு சத்தம் இல்லை, ஒரு நிழல் இல்லை. திரும்பிப் பார்க்கலாம்தான். ஆனால் பிரபு என்ன சொன்னார்? பெட்டியை மட்டும் பார் என்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பெட்டியை மட்டும் பார்த்தாள். வாழ்க்கையில் இவ்வளவு கீழ்ப்படிதலாக அவள் இருந்ததே இல்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். எல்லோரும் கீழ்ப் படிகளைப் பார்த்தார்கள். அப்புறம் ஒரே கூச்சல். ஒருவருக்கும் இடதுகால் செருப்பு இல்லை. அமைச்சர்கள் கொக்கு மாதிரி நின்றார்கள். குருமி ஊர்த் தலைவி இசுசு மட்டும், மழை வருமா என்று பார்க்கிறவள் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு செருப்புதான்.

ஹருதோகி பிரபு சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். உள்ளே செருப்பு ஜோடியாக இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? தோத்துட்டாங்க!"

யாரும் சிரிக்கவில்லை. உசுகி நாட்டுத் தூதர் தூணைப் பிடித்துக்கொண்டு இசுசுவையே பார்த்தார். பாதி அரிசிக்கு ஈட்டி வீரர்களைத் தருகிறேன் என்று சொன்ன அதே மனிதர்தான் இப்போது வாய் திறந்தார்.

"பிரபு, இத்தனை பேரு செருப்பையும் உருவினவங்கள உங்களுக்கு வேண்டாம்னா சொல்லிடுங்க. அரிசிய நாங்க தர்றோம். எங்களுக்கு வேணும்."

இளைய பிரபுவின் முகம் வெளுத்தது. தன் நாட்டின் மதில் எது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது; அதை அரைவிலைக்கு எதிரியின் கையில் கொடுக்கப் பார்த்ததும் புரிந்தது. வழக்கப்படி குருமி தோற்றாகிவிட்டது. தோற்றவர்களுக்கு அரிசி தந்தால் அமைச்சர்களே எதிர்ப்பார்கள். அவர் ஓமினேவின் பக்கம் குனிந்தார்.

"இடது செருப்ப எங்கயாவது தள்ளிவிட்டுடு. காணோம்னு சொல்லு. வயல் அப்பவும் உனக்குத்தான்."

வயலும் கிடைக்கும், நாகியின் ஊரும் பிழைக்கும். ஓமினேவுக்கு ஒரு கணம் ஆசை வந்தது, அதை மறைப்பானேன்? ஆனால் அடுத்த கணமே யோசித்தாள். இப்படிக் கொடுத்தால் அந்த அரிசி இனி பிரபு போட்ட பிச்சை. அடுத்த வருஷம் அவர் முகம் கோணினால் அதுவும் நின்றுபோகும். தான் இத்தனை வருஷம் தோற்றதெல்லாம்கூட நாடகம் என்று ஆகிவிடும். அவள் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன் பிரபு!" தெருக்கோடி வரை கேட்டது அந்தக் குரல். "நான் உண்மையாத் தோத்தவ. பொய்யாத் தோக்க எனக்குத் தெரியாது."

"மெதுவாப் பேசு! யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும். உங்க கால் இன்னும் செருப்புக்குள்ள போகல. ஆட்டம் முடியல. தைரியம் இருந்தா வந்து எடுக்கட்டும், இல்லேன்னா வயலு என்னுது! உங்க அப்பா ஒருநாளும் பெட்டி கேக்கல, தெரியுமா? அந்த மனுஷன் நொண்டுறதுக்கு வெக்கப்பட்டதே இல்ல!"

பிரபுவின் கண்ணையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் கண் சட்டென்று கீழே போயிற்று. அவளும் பார்த்தாள்.

பெட்டியில் ஒரு செருப்புதான் இருந்தது. வலதுகால் செருப்பு.

தெரு வெடித்துச் சிரித்தது. "தொலைச்சுட்டா! அம்மா தொலைச்சுட்டா!" ஓமினே பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். குனிந்து படிக்கு அடியில் பார்த்தாள். வாயில் வந்த வசவையெல்லாம் மலையைப் பார்த்து வீசினாள். அப்புறம் அப்படியே படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஹருதோகி பிரபு வலதுகால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். நொண்டத் தெரியவில்லை அவருக்கு. உசுகி தூதரின் தோளைப் பிடித்துக்கொண்டார், தூதர் அவரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பாதித் தெருவில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குருமிக்கு அரிசி அன்று மாலையே வண்டி ஏறியது.

வேண்டுமென்றேதான் கண்ணை எடுத்தாளா என்று இன்றும் சிலர் கேட்பதுண்டு. கேட்டால் செருப்பால் அடிப்பேன் என்பாள். எந்தச் செருப்பால் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள்.

வீட்டு வாசலில் கிஹேய் காத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"பெட்டியிலேருந்துமா?"

"பெட்டியிலேருந்துதான்."

அவன் முற்றத்துப் பொம்மையை ஒருமுறை பார்த்தான். பிறகு, "சேம்பு போட்டிருந்தா பன்னிதான் தின்னுருக்கும்" என்று சொல்லிச் சோறு எடுத்து வைத்தான். அவன்மேல் அவளுக்கு அன்று வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

காலையில் முற்றத்தைப் பெருக்கப் போனவள் துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். வயல் இல்லாத அந்த வைக்கோல் பொம்மை வெயிலில் கையை விரித்து நின்றுகொண்டிருந்தது. அதன் கையில் வாதுமைக்கொட்டைப் பை தொங்கியது. இடதுகாலில், துடைத்துப் புது வார் போட்ட பிரபுவின் செருப்பு இருந்தது.