மழைக்கு ஒரு பட்டன்

போன மாதம் முழுக்க நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "உங்க சிஸ்டத்துல மழைக்கு ஏதாவது வழி இருக்குதா?"

கேட்டதெல்லாம் பேமென்ட் கேட்வே கம்பெனிகளிடம். அதாவது, நம் கஸ்டமர் ஆன்லைனில் கட்டும் பணத்தை வாங்கி, தன் கமிஷனை எடுத்துக்கொண்டு, மீதியை நம் அக்கவுன்டில் போடுகிறவர்கள். கேட்டதும் ஹோல்டில் இருக்கச் சொல்வார்கள். ஹோல்டில் ஒரு மியூசிக் ஓடும், கேட்டிருக்கிறீர்களா? எனக்கு இப்போது அது மனப்பாடம்.

மரக்காணத்தில் நானும் ஸ்டெல்லாவும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறோம். கம்பெனி என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஈ.சி.ஆர். ஓரத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே ஒரு ரூம், இரண்டு லேப்டாப். உப்பளம் குத்தகைக்கு எடுத்திருப்பவர்களுக்காக ஒரு ஆப் செய்திருக்கிறோம். எந்த லாரியில் எவ்வளவு உப்பு போனது, யாருக்கு எவ்வளவு கூலி என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். மாதம் ஒரு சின்னத் தொகை.

ஆரம்பத்தில் ஸ்டெல்லாதான் ஸ்கூட்டியில் அளம் அளமாகப் போய் வசூலித்து வந்தாள். அவளுக்கு முதுகு வலி, அதைப் பார்த்து எனக்கு மன வலி... சரி, ஆன்லைனுக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

எந்தக் கேட்வேயை எடுப்பது? ஒன்றில் கமிஷன் குறைவு, ஆனால் சந்தேகம் கேட்க ஆளே கிடையாது. இன்னொன்றில் ஆள் உண்டு. அந்த ஆள், நாங்கள் விற்பது உப்பா சாஃப்ட்வேரா என்று புரியாமல் திரும்பத் திரும்ப டாக்குமென்ட் கேட்டார். கடைசியில் கமிஷன் குறைவான பக்கம் சாய்ந்தோம். வேறென்ன செய்வோம்? அதில் ஆட்டோ பே வேறு இருந்தது. கஸ்டமர் ஒரு தடவை சம்மதம் கொடுத்தால் போதும், ஒன்றாம் தேதி பணம் தானாக வந்துவிடும்.

வெயில் இருந்தவரை வந்தது. பிறகு மழை வந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கிவிட்டால், திரும்ப உப்பு எடுக்கும்வரை யாரும் யாரிடமும் பணம் கேட்கமாட்டார்கள். மளிகைக் கடைக்காரர் கேட்கமாட்டார். டீக்கடைக்காரர் கேட்கமாட்டார். கேட்டால் சண்டை எதுவும் வராது. ஆனால், கேட்டவரை அதற்கப்புறம் எந்த வீட்டு விசேஷத்துக்கும் கூப்பிடமாட்டார்கள்.

எங்கள் கேட்வே கேட்டது. விடியற்காலையில் கேட்டது. அக்கவுன்டில் பணம் இல்லை என்றதும் மறுநாளும் கேட்டது, அதற்கு மறுநாளும் கேட்டது. ஒவ்வொரு தடவை வெறுங்கையோடு திரும்பியதற்கும் பேங்க் தன் பங்குக்கு அபராதம் பிடித்தது. நானும் ஸ்டெல்லாவும் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆட்டோ பேவை ஆன் செய்யும்போது இரண்டு பேருக்குமே மழை ஞாபகத்துக்கு வரவில்லை என்பதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

அந்த வாரமே கன்னியப்பன் அண்ணன் மாடி ஏறி வந்தார். எங்கள் முதல் கஸ்டமர் அவர். 'நம்ம ஊரு பொண்ணுங்க, நம்பிச் சேருங்க' என்று அவர் சொன்னதால்தான் மற்ற எல்லோரும் சேர்ந்தார்கள். கூலித் தகராறோ எடைத் தகராறோ, அளத்துப் பக்கம் அவர் சொன்னால் பேச்சு அடங்கும். ஸ்டெல்லா தண்ணீர் கொடுத்தாள். வாங்கி, குடிக்காமல் மேஜையில் வைத்தார்.

"எங்கிட்ட புடிச்ச காசு போனா போவுதும்மா. காலையிலேர்ந்து ஆளுங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. நீ சொன்னியேன்னுதானே சேர்ந்தோம்னு கேக்குறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. இத்தனை வருஷம் சேர்த்த அவருடைய சொல்லை ஒரு வாரத்தில் நாங்கள் காலி செய்திருந்தோம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அபராதத்தை எல்லோருக்கும் எங்கள் கையிலிருந்து கொடுத்தோம். பிறகுதான் அந்தப் போன் படலம். ஒருவர், தங்கள் சர்வர் எந்த மழைக்கும் நிற்காது என்று உறுதி கொடுத்தார். இன்னொருவர், பணம் வராவிட்டால் இன்னும் அடிக்கடி கேட்கிற வசதி தங்களிடம் இருப்பதாகப் பெருமைப்பட்டார். எனக்கு வேண்டியது கேட்காமல் இருக்கிற வசதி. அதை யாரும் விற்பதாகத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு கம்பெனியில், என்னைவிடக் களைத்த குரலில் ஒரு பெண் பேசினாள். தற்காலிகமாக நிறுத்திவைக்க ஒரு பட்டன் இருக்கிறதாம். ஒவ்வொரு கஸ்டமருக்கும் நாம்தான் தனித்தனியாக அழுத்த வேண்டுமாம். கமிஷன் அதிகம், மாதக் கட்டணம் தனி. பரவாயில்லை என்று மாறினோம்.

மாறினால் எல்லோரிடமும் மறுபடி சம்மதம் வாங்க வேண்டுமே... யார் கொடுப்பார்கள்? கன்னியப்பன் அண்ணன் கூடவே வந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாக நின்று, இனிமேல் மழையில் கேட்காது என்று அவரே சொன்னார். சிலர் உடனே சம்மதித்தார்கள். சிலர் யோசித்துச் சொல்வதாகக் கதவைச் சாத்தினார்கள். முன்பு அவர் சொல்லி யாரும் யோசித்ததில்லை.

இந்த ஒன்றாம் தேதி காலையில் அவர் எங்கள் ரூமிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். ஸ்டெல்லா எல்லோருக்கும் பட்டனை அழுத்தி முடித்திருந்தாள். ஊரில் ஒருவருக்கும் பணம் கேட்டு மெசேஜ் போகவில்லை. அண்ணன் போன் செய்து விசாரித்த பிறகுதான் டீயைக் குடித்தார்.

என் போன் மட்டும் சத்தம் போட்டது. புதுக் கேட்வேயின் மாதக் கட்டணம். எங்கள் அக்கவுன்டில் எடுக்கப் பார்த்திருக்கிறது. மழை மாதம், எங்களுக்கு ஏது வருமானம்? பணம் இல்லை, அபராதம் உண்டு.

கன்னியப்பன் அண்ணன் போனை வாங்கிப் பார்த்தார்.

"இந்தக் கம்பெனில சேரச் சொல்லி உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லலைண்ணா. ஆன்லைன்ல அஞ்சு ஸ்டார் போட்டிருந்தாங்க."

"அப்போ அந்த ஸ்டார் போட்டவன் வூட்டு வாசல்ல போய் நில்லுங்க."

விலாசம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.