சைரன் கேட்டு நின்றுபோன பஸ்

தவம் அண்ணையின் பேச்சைப் பறித்தது நீங்கள்தான். சாரதியில்லாத அந்தச் சின்ன பஸ்ஸை எங்கள் தெருவில் ஓடவிட்ட நிறுவனக்காரரைச் சொல்கிறேன்.

நான் பாரிஸில் அம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். இந்த வேலைக்கு இப்போது வருகிற எங்கள் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். பயிற்சியில் இதை ஒருவரும் சொல்லித்தர மாட்டார்கள்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் அம்புலன்ஸ் ஓட்டத் தெருவைத் தெரிந்தால் போதாது, ஆட்களைத் தெரிய வேண்டும். ரூ பெர்தொனே ஒடுங்கிய தெரு. மரக்கறி இறக்கும் வான்கள் எந்நேரமும் அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. வானை நிறுத்துகிறவன் சாவியைத் தவம் அண்ணையின் பலசரக்குக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் பெட்டி தூக்கப் போவான். சைரன் கேட்டால் அண்ணை சாவிகளை அள்ளிக்கொண்டு வெளியே வருவார்.

“டேய், அம்புலன்ஸ் வருது! எடுங்கோடா வண்டியை! பூஜே, மெசியூ, பூஜே!”

தமிழிலும் பிரெஞ்சிலும் ‘நகருங்கோ’ என்கிற அந்தச் சத்தம் என் சைரனைவிடப் பெரிது. ஆளில்லாத வானில் தானே ஏறி எடுப்பார். நான் கடக்கும்போது கண்ணாடியில் தட்டி, “போ, போ! திரும்பி வரேக்கை தேத்தண்ணி குடிச்சிட்டுப் போடா” என்பார். வேலை அவசரத்தில் நான் பெரும்பாலும் திரும்பிப் போனதில்லை. குடிக்காமல் விட்ட தேத்தண்ணிக்காக இப்படி ஏங்குவேன் என்று அப்போது தெரியாது.

வேலையின் கடைசி வருடத்தில் ஒரு முற்பகல், அவருடைய கடையிலிருந்தே அழைப்பு வந்தது. அண்ணை அரிசி மூட்டைகளுக்கு நடுவே சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையைத் தூக்க முடியவில்லை. பாரிசவாதம். இதில் தாமதிக்கத் தாமதிக்க மூளை செத்துக்கொண்டே போகும். ஆனால் பேச்சு இன்னும் முழுதாகப் போகவில்லை. “தம்பி, கடையைப் பூட்டச் சொல்லு” என்று குழறிக் குழறிச் சொன்னார்.

அவரோடு பின்னால் என் கூட்டாளி ஜெசிந்தா ஏறினாள். புதுச்சேரிக்காரி. சைரனைப் போட்டுப் புறப்பட்டேன். முன்னால் அந்தப் பஸ் போய்க்கொண்டிருந்தது. பரீட்சார்த்த ஓட்டமாம், உள்ளே ஒருவரும் இல்லை. சைரன் கேட்டதும் வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி நின்றது. முழுதாக ஒதுங்க அங்கே இடமில்லை, நடைபாதை ஓரமெல்லாம் இரும்புக் கட்டைகள். மனுசன் ஓட்டியிருந்தால் என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, தெருமுனைவரை ஓடிப்போய் ஒதுங்கியிருப்பான். இது நின்றது நின்றபடி நின்றது. நான் ஹோர்னையும் சேர்த்து அடித்தேன்.

“ஏண்ணே நிக்குறீங்க? ஐயாவுக்குப் பேச்சு வர மாட்டேங்குது!” ஜெசிந்தா கத்தினாள்.

அண்ணையின் மனைவி, கடையைப் பூட்ட நின்றவர், கை நிறைய வான் சாவிகளோடு ஓடி வந்தார்.

“தம்பி, இதிலை எது?”

“இதுக்குச் சாவி இல்லை, அக்கா.”

“சாவி இல்லாததை என்னெண்டு தெருவிலை விட்டவங்கள்?”

பக்கத்து நகைக்கடைப் பொடியள் வந்து தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. பஸ்ஸின் கதவோரம் இருந்த உதவிப் பொத்தானை அழுத்தினேன். எங்கோ நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்து ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள்.

“எங்கள் வண்டி உங்களுக்கு வழிவிட்டிருக்கிறது, மெசியூ. நீங்கள் கடந்ததும் புறப்படும்.”

“எப்படிக் கடக்கிறது மதாம், மேலாலேயா?”

யாரையோ கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: “சைரனையும் நீல விளக்கையும் நிறுத்திப் பாருங்கள்.”

நிறுத்தினேன். பஸ் நல்ல பிள்ளைபோலப் புறப்பட்டது. சாகக் கிடக்கும் மனுசனை ஏற்றிக்கொண்டு, சைரன் இல்லாமல், அதன் பின்னால் ஊர்ந்தேன். தெருமுனையில் அது திரும்பிய பிறகுதான் எனக்கு வழி கிடைத்தது. “பேசுங்கய்யா, ஏதாவது பேசுங்க, என்னைத் திட்டுங்க” என்று ஜெசிந்தா கெஞ்சுவது கேட்டது. பதில் கேட்கவில்லை.

அண்ணை பிழைத்தார். பேச்சு திரும்பவில்லை. இப்போது கடை வாசலில் கதிரை போட்டு இருக்கிறார். சைரன் கேட்டால் இடது கையைத் தூக்குகிறார், வாயைத் திறக்கிறார், சத்தம் வருவதில்லை. நான் குடியிருக்கும் ஓல்னேயிலிருந்து ரயில் ஏறி வந்து பக்கத்தில் இருக்கிறேன். ஒருதரம், ஒரேயொருதரம், என்னை “டேய்” என்று கூப்பிட மாட்டாரா என்று இருக்கிறது.

பிள்ளைகளே, பாடம் இதுதான்: அப்படியொரு வண்டி முன்னால் நின்றால் சைரனைக் கூட்டாதீர்கள், அணையுங்கள். இதை ஒரு மனுசனின் வாயை விலையாகக் கொடுத்துத்தான் படித்தோம்.

தாமதத்தால்தான் பேச்சு போனது என்று வைத்தியர் உறுதியாகச் சொல்ல மாட்டார். நான் சொல்லுவேன். நிறுவனக்காரரே, இல்லையென்றால் மறுத்துச் சொல்லுங்கள். சைரன் நிற்கும்வரை உங்கள் வண்டி அசையாது என்று முன்பே தெரியுமா? தெரிந்திருந்தால் அம்புலன்ஸ்காரர் எங்களுக்கு ஏன் சொல்லவில்லை? எனக்குத் தனியாகக் கடிதம் போடாதீர்கள், வக்கீலை அனுப்பாதீர்கள். ரூ பெர்தொனேக்கு நீங்களே வாருங்கள். பட்டப்பகலில், சனம் நிற்கும்போது, தவம் அண்ணையின் முகத்தைப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிப் பதில் சொல்லுங்கள்.