பில்ட் மெஷினுக்குத் தைத்த உறை

பதுளையில் இருந்துகொண்டே உலகத்துக்கு வேலை செய்தவர் என்று இன்றைக்கும் யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. இலங்கை மலையகத்தில், பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன் கடையில் எனக்கு வேலை. டெலிபோன், போட்டோ கொப்பி, டைப்பிங், பிறகு இன்டர்நெட். வேலை நேரம் போக மீதி நேரத்தில், பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்து வைத்தவற்றை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு மென்பொருள் நூலகத்துக்கு வேலை செய்தேன். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தி அனுப்பலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. கனடாவில் இருந்த ஒருவர் தலைவர். மற்ற பத்துப் பதினைந்து பேரும் ஆளுக்கொரு நாட்டில் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, எல்லாம் மின்னஞ்சல் குழுவில்தான்.

என் பொறுப்பு பில்ட் மெஷின். கடையின் பின்மூலையில் ஒரு பழைய கணினி. யாராவது திருத்தம் அனுப்பினால் அது தானாகவே இறக்கி எடுத்து, முழு நூலகத்தையும் கட்டி, சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். சரியாக வந்தால் திருத்தம் உள்ளே போகும். விழுந்தால், இன்னாருடைய திருத்தத்தால் உடைந்தது என்று குழுவுக்கே ஒரு சிவப்பு மடல் போகும், திருத்தம் வெளியே வந்துவிடும். கடை சாத்திய பிறகுதான் போன் லைன் சும்மா இருக்கும் என்பதால், அதன் வேலையெல்லாம் மாலைக்குப் பிறகுதான்.

இதையெல்லாம் தானாகச் செய்யவைக்க நான் எழுதிய ஸ்கிரிப்டுக்குப் பெரட்டு என்று பெயர் வைத்தேன். தெமோதரைப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன் நான். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போனால் கங்காணி விரட்டிவிடுவார், ஏன் பிந்தியது என்று கேட்கமாட்டார். என் அம்மா மழையில் நனைந்துகொண்டு திரும்பி வந்ததை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அதை அறவே வெறுத்தவன்தான், கேள்வி கேட்காமல் விரட்டும் ஒரு ஸ்கிரிப்டை எழுதி, அதற்கு அந்தப் பெயரையும் வைத்துச் சிரித்தேன். என்ன புத்தியோ!

சோதித்துப் பார்க்காமல் திருத்தம் அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிழை என்று சொன்னால் உடனே, "எனக்கு ஓடுதே" என்பார்கள். ஒருவர் சோதனை விழுகிறது என்பதற்காகச் சோதனையையே அழித்துவிட்டு, இப்போது சரி என்று எழுதினார். இப்படிப்பட்டவர்களோடு மாரடித்து மாரடித்து எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. சிவப்பு மடலோடு நானும் காரமாக நாலு வரி எழுதி அனுப்புவேன்.

அந்த வருடம் குழுவில் ஒருவர், கரண்ட் நிற்கும் ஊரில் ஒரு கடை மூலையில் பில்ட் மெஷினை வைத்திருப்பது சரியில்லை, கனடாவுக்கே கொண்டுபோகலாம் என்று எழுதினார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதுளையில் இருப்பவனுக்கு இதைப் பார்க்கத் தெரியாதா என்று வாய் கிழிய எழுதினேன். மெஷின் பதுளையிலேயே இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இருந்து ஒரு பெண் குழுவில் சேர்ந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். அம்மா கொழுந்தெடுப்பவர். தோட்டத்தில் இருந்த பயிற்சி நிலையத்தில் இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு தானாகவே கற்றுக்கொண்டவள். கொழும்பில் ஒரு சிறிய கம்பனி அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. பட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெளியான ஒரு மென்பொருளில் நீ செய்த வேலையையும் உன் பெயரையும் காட்டு என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் புதிய பதிப்பு ஒரு வியாழக்கிழமை வெளியாக இருந்தது, நேர்முகம் மறுநாள் வெள்ளி. அது கிடைக்காவிட்டால் சவூதியில் வீட்டு வேலை. ஏஜென்ட் ஏற்கனவே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் செய்தது பெரிய வேலை. நூலகத்தின் அடித்தளக் கோப்பையே மாற்றி, மாற்றும் வேகத்தை இரட்டிப்பாக்கியிருந்தாள். அடித்தளம் மாறினால் எல்லாவற்றையும் முதலில் இருந்து கட்ட வேண்டும், ஒன்றரை மணித்தியாலம் போகும். மற்றவர்களுடைய சின்னத் திருத்தங்களுக்குப் பத்து நிமிடம் போதும். மூன்று தடவை அனுப்பினாள், மூன்று தடவையும் சிவப்பு. மூன்றாவது மடலோடு, முதலில் உன் சொந்த மெஷினில் ஒழுங்காக ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பப் பழகு, இது பழகும் இடமல்ல என்று குழுவில் எழுதினேன். அந்தக் குழு மடல்களை உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

மறுநாளே அவள் பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டாள். கோபமாக வரவில்லை.

"அண்ணே, சென்டர்ல ரெண்டு மெஷின்லயும் ஓட்டிப் பாத்தேன், ஒரு பிழையும் இல்ல. இங்க எந்த எடத்துல விழுகுதுன்னு ஒருக்கா காட்டுறீங்களா?"

காட்டியிருக்கலாம். மெஷின் எழுதிவைத்த பதிவு அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கோப்பில், நூலகத்தைக் கட்டும் கம்பைலரே செத்து விழுந்திருந்தது. பிழை அவளுடையதாக இருந்தால் ஒரே இடத்தில் விழ வேண்டும். இடம் மாறி மாறி விழுந்தால் கோளாறு மெஷினில். இது இந்தத் தொழிலில் பாலபாடம். நான் கடைசி வரியைத் தவிர ஒன்றையும் வாசித்திருக்கவில்லை. மெஷினுக்கு ஆள் பார்த்து ஓரவஞ்சனை செய்யத் தெரியாது, போய் உங்கள் புரோகிராமைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

பதிப்பு வெளியாகும் வாரத்தில், செவ்வாய்க்கிழமை மாலை, குடையை மறந்துவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனேன். மொதலாளியம்மா கடை சாத்திக்கொண்டிருந்தார். எல்லாக் கணினிகளையும் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, தானே தைத்த ஜரிகைக் கரை போட்ட வெல்வெட் உறையால் மூடுவது அவர் வழக்கம். அது எனக்கும் தெரியும். என் மெஷினை மட்டும் நிறுத்தக்கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியிருந்தேன். அன்றைக்குத்தான் பார்த்தேன், ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் மேலும் தடித்த வெல்வெட் உறை, கீழே வரை இழுத்து நாடா கட்டியிருந்தது. காலையில் நான் வருமுன் கழற்றி மடித்து வைத்துவிடுவாராம். உள்ளே கையை விட்டேன், ரொட்டிக் கல் மாதிரிக் கொதித்தது. பத்து நிமிட வேலையைத் தாங்கிய மெஷின், ஒன்றரை மணித்தியால வேலையில் சூடேறி விழுந்திருக்கிறது.

"நீங்கதானே தம்பி நிப்பாட்ட வேணாம்னு எழுதி வச்சிருக்கீங்க. நான் சுவிச்ச தொடவே இல்ல. தூசி படாம மூடி மட்டுந்தான் வைக்கிறேன்" என்றார் அவர்.

அந்த மனுஷியை என்ன சொல்வது? எழுதி ஒட்டியதை அப்படியே மதித்து நடந்திருக்கிறார். உறையைக் கழற்றிவிட்டு அவளுடைய திருத்தத்தை, உள்ளே சேர்க்காமல் சோதனைக்காக மட்டும், மறுபடி ஓட்டினேன். ஒன்றரை மணித்தியாலத்தில் எல்லாம் பச்சை. ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை.

அப்போதே குழுவுக்கு நாலு வரி எழுதியிருக்க வேண்டும். கோளாறு என் மெஷினில், அந்தப் பெண்ணின் வேலை சுத்தம், பதிப்பில் சேருங்கள். அவ்வளவுதான். எழுதத் தொடங்கினேன். வெல்வெட் உறை என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. கனடாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், பார்த்தாயா பதுளையை என்பார்கள், மெஷின் போய்விடும். இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமையும் ஓட்டினேன், பச்சை. வியாழன் காலையிலும் ஓட்டினேன், பச்சை. வியாழன் மாலை அவள் பெயர் இல்லாமல் பதிப்பு வெளியானது. சீ, நானும் ஒரு மனுஷன்!

வெள்ளிக்கிழமை அவள் திருத்தத்தை உள்ளே சேர்த்தேன். கம்பைலரைப் புதுப்பித்தேன், இப்போது சரியாகிவிட்டது என்று ஒரு பச்சைப் பொய்யும் எழுதினேன். தலைவர் என் பொறுமையைப் பாராட்டிப் பதில் போட்டார். அதே நேரம் கொழும்பில், குழுவில் நான் எழுதிய மடலைத் திரையில் காட்டி, இது என்ன என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். வேலை கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். கொழும்பு பஸ்ஸுக்கு நின்றாள், புதுப் பயணப் பை, மறுநாள் விமானம். அம்மா தண்ணீர்ப் போத்தல் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. உறையைச் சொன்னேன், பச்சை வந்ததைச் சொன்னேன், கம்பைலர் கதை பொய் என்றும் சொன்னேன்.

"எப்பண்ணே தெரிஞ்சிச்சு?"

செவ்வாய்க்கிழமை என்றேன்.

"அப்ப ரெண்டு நாள் இருந்திருக்கு" என்றாள்.

திட்டுவாள் என்று நின்றேன். செருப்பைக் கழற்றியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கடைப்பக்கம் திரும்பி, அம்மா வருகிறாரா என்று பார்த்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிறாதீங்க. எனக்குப் படிப்பு பத்தலன்னுதான் அது நெனச்சிக்கிட்டிருக்கு. நம்ம ஆளே செஞ்சதுன்னு தெரிஞ்சா தாங்காது."

அம்மா வந்தார். யார் இது என்று கேட்டார். கம்பியூட்டர் படிக்கும்போது உதவி செய்த அண்ணன் என்று அவள் சொன்னாள். அந்த அம்மா, கொழுந்துக் கறை படிந்த இரண்டு கைகளையும் கூப்பி என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.