பாம்புக்கு வைத்த கெடு

பாம்பைக் காலிபண்ணச் சொல்லும் வேலை எங்கள் வீட்டில் எனக்குத்தான் வந்தது. அப்போது எனக்கு எட்டு வயது.

புளியங்குடி சாலையில் அப்பா ஒரு மனை வாங்கியிருந்தார். ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் அதில் விசைத்தறிக் கூடம் கட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே அவசரம். மனையின் நடுவில் என்னைவிட உயரமாக ஒரு கரையான் புற்று. அதற்குள் நல்லபாம்பு நுழைவதை அம்மாவே பார்த்திருந்தாள். சங்கரன்கோவில்காரர்கள் புற்றின்மேல் சும்மா கைவைத்துவிட மாட்டோம். கோயிலில் எங்களுக்குப் பிரசாதமே புற்றுமண்தான். நெற்றியில் இட்டுக்கொள்வோம், சிரங்கு வந்தால் குழைத்துப் பூசுவோம். ஆனால் தறி போட இடம் வேண்டுமே. அதற்கும் எங்கள் ஊரில் ஒரு வழி வைத்திருந்தார்கள். இடிப்பதற்கு முன் மூன்று நாள் சாயங்காலம் வீட்டுப் பெண்பிள்ளை போய்ப் புற்றிடம் சொல்லிவிட வேண்டும்.

"வியாழக்கிழமை மிஷின் வருது, அதுக்குள்ள போயிருன்னு சொல்லுட்டி. பிள்ளைக சொன்னா அது கேக்கும்" என்றாள் அம்மா.

முதல் நாள் பத்தடி தள்ளி நின்று கத்திவிட்டு ஓடிவந்தேன். இரண்டாம் நாள் பயம் கொஞ்சம் விட்டுப்போனது. பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மழையில் உடைந்த ஓரத்தைக் கரையான்கள் ஈரமண் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கொண்டுவந்த மண் கடுகளவுகூட இல்லை.

வீட்டுக்கு வந்து, "கரையான்கிட்டயும் சொல்லணுமாம்மா?" என்றேன்.

"அது வெறும் பூச்சிட்டி."

மூன்றாம் நாள் நான் போகவில்லை. அடுத்த தெருவில் நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினேன். "சொல்லிட்டியாட்டி?" என்று அப்பா கேட்டார். சொல்லிட்டேம்பா என்றேன்.

வியாழக்கிழமை காலையில் பொக்லைன் வந்தது. அம்மா சூடம் காட்டி, ஒரு பிடி புற்றுமண்ணை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாள். ஓட்டுநர் டீயைக் குடித்து முடித்துவிட்டு ஏறினார். முதல் இடியிலேயே புற்று சரிந்தது. உள்ளே அறை அறையாக இருந்தது. கரையான்கள் எங்கே போவதென்று தெரியாமல் ஓடின. மூன்றாவது அள்ளலில் பாம்பு இரண்டு துண்டாக மேலே வந்தது. தலைப்பக்கம் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "அண்ணாச்சி, சொல்லலையா நீங்க?"

"மூணு நாளும் எம்பிள்ள போய்ச் சொல்லிட்டா" என்றார் அப்பா. நான் முதல் ரேங்க் வாங்கியபோதுகூட அவர் குரலில் அத்தனை பெருமை இருந்ததில்லை. நான் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பாம்பைப் பாலூற்றிப் புதைத்தார்கள். அன்று சாயங்காலம் கோயில் உண்டியலில் அப்பா வெள்ளியில் ஒரு நாகத்தகடு வாங்கிப் போட்டார். அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்து என் நெற்றியில் புற்றுமண் இட்டாள். அவள் அந்தப்பக்கம் திரும்பியதும் நான் அதைத் துடைத்துவிட்டேன். நான் கொன்ற பாம்பின் வீட்டுமண்ணை நானே பூசிக்கொள்வதா? இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாளும் போயிருந்தால் அது பிழைத்திருக்கும் என்றுதான் வெகுகாலம் நம்பினேன். போன மாதம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கத் தறிக்கூடத்து மாடியில் ஏறினேன். நாலாபக்கமும் சிமென்ட். கடுகளவு மண்ணாகச் சுமந்து கரையான் கட்டிய வீட்டில் பாம்பும் இருந்தது, மேலே புல்லும் முளைத்தது, ஓணான் வெயில் காய்ந்தது. நாங்கள் கட்டியதில் ஒரு பல்லியைக் கண்டாலும் துடைப்பத்தைத் தூக்குகிறோம்.

அந்த வியாழக்கிழமைக்கு முன்பே சுற்றியிருந்த மனைகளிலெல்லாம் எல்லைக்கல் ஊன்றியிருந்தார்கள். அந்தக் கற்களில் தாவித் தாவித்தான் நான் புற்றுக்குப் போய் வந்தேன். போயிரு என்று சொல்ல மட்டும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்கே போக என்று அது திருப்பிக் கேட்டால் என்ன சொல்வதென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.