தட்டில் வைத்த பம்ப்

அருமையான சபையாரே, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். களியக்காவிளையிலிருந்து சாந்துச்சட்டி சுமக்கத் திருவனந்தபுரம் வந்து, கான்ட்ராக்டர் ஆனேன். தம்பானூரில் இரண்டு லாட்ஜ், நம் சபையின் மதில், மணிக்கூண்டு, எல்லாம் நான் நின்று எழுப்பியவை. ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை. கர்த்தருடைய மகிமைக்காகச் சொல்கிறேன் என்பேன். என் மகிமைக்காகத்தான் சொன்னேன்.

என் மனைவி எஸ்தருக்கு ஆஸ்துமா. தினமும் இரண்டு வேளை மருந்துப் பம்பை வாயில் வைத்து உறிஞ்சுவாள். மணிக்கூண்டு கட்டினவன் வீட்டில் பம்பா என்று எனக்குக் குறைச்சலாக இருந்தது. தொண்ணூற்றெட்டில், மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில், அவளிடம் கேட்காமலே அந்தப் பம்பைக் காணிக்கைத் தட்டில் வைத்து, சுகம் கிடைத்துவிட்டது என்று சாட்சி சொன்னேன். சபை கைதட்டியது. அவள் தலை நிமிரவில்லை. வேறு பம்ப் வாங்கவும் நான் விடவில்லை.

பதினோராம் நாள் காலை அவள் உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். ஜெபிக்க வந்த சபையார் என்னைச் சுற்றி நின்றார்கள். டாக்டரம்மா வெளியே வந்தார்.

"அப்பச்சா, மருந்து முடங்காம, நாள் தவறாம எடுத்தாங்களா?"

"ஒரு நாளும் முடங்கல."

"அப்படின்னா வேற ஏதோ அசுகம் உண்டு. தொண்டையில குழாய் இறக்கணும்."

குழாய்க்குப் பதில் முகமூடி வழியே காற்றைத் தள்ளும் முறையை அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மருந்து நின்றதால் வந்த இழுப்பு என்றால் ஊசியும் முகமூடியுமே போதுமாம்; அதனால் மருந்து விஷயம் உண்மையாகத் தெரிய வேண்டும் என்றார் டாக்டரம்மா.

சுவரைப் பார்த்து நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, அவளைத் தாரும்." கண்ணை மூடினால் காணிக்கைத் தட்டுதான் தெரிந்தது. அதுதான் பதில். கைதட்டினவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"பதினோரு நாளா மருந்தே இல்ல டாக்டரே. நான்தான் பிடுங்கினேன்."

"மொதல்லயே பறயண்டாமா!" என்று அவர் உள்ளே ஓடினார். ஊசி போட்டார்கள். ஆராய்ச்சிக் காகிதத்தை நர்ஸ் வாசித்துக் காட்ட, கையெழுத்துப் போட்டேன். முகமூடியை வைத்தார்கள்.

மூன்றாம் நாள் முகமூடி கழன்றது. எஸ்தர் முதலில் கேட்டது இதுதான்: "எனக்க மூச்சயா தட்டுல போட்டிய?"

அன்றிலிருந்து இன்றுவரை காலையும் மாலையும் பம்பை நானே எடுத்துக் கொடுக்கிறேன். அருமையானவர்களே, கர்த்தரை நம்பிக் கேளுங்கள். உண்மையைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ஒன்று மட்டும். சபை மலரில், எஸ்தரம்மாள் அற்புதமாகப் பிழைத்தார் என்று போட்டு என்னை விட்டுவிட்டீர்கள். மணிக்கூண்டுக் கல்லில் சண்டைபோட்டு என் பேரை வெட்டவைத்தவன் நான். இதிலும் என் பங்கைப் போட்டாக வேண்டும். அவள் மூச்சைப் பிடுங்கினவன் இந்தக் கான்ட்ராக்டர் செல்லையன். கல்லில் வெட்டின அதே பெரிய எழுத்தில் போடுங்கள்.